செவிலிய மாணவர்களுக்கு மருந்தளவுக் கணக்கைக் கற்பிப்பது எப்படி

தென்னாப்பிரிக்கப் பள்ளியில் படித்து வரும் மாணவி ஏழரையை 7,5 என்று காற்புள்ளியிட்டு எழுதுவாள். இந்நாட்டின் அதிகாரபூர்வமான தசமக் குறியீடு அதுவே என்பதால் அதில் பிழையில்லை. ஆனால் அவள் வார்டுக்கு வந்ததும் கையிலெடுக்கும் கால்குலேட்டரில் தோன்றுவது முற்றுப்புள்ளி. மருந்துப் புட்டிகளிலும் சில இடங்களில் காற்புள்ளி, சில இடங்களில் முற்றுப்புள்ளி. அவசரத்தில் எழுதிய காற்புள்ளி மங்கிவிட்டால் 2,5 என்பது 25 ஆகிவிடும். ஆகவே டர்பனில் மருந்தளவு கற்பிக்கும் எவரும் முதல் வகுப்பைச் சூத்திரத்தோடு தொடங்காமல், எண்ணை எழுதுவதிலும் வாய்விட்டுப் படிப்பதிலும் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அரை மில்லிகிராமை 0,5 என்று முன்னால் பூச்சியமிட்டே எழுத வேண்டும். ஐந்து மில்லிகிராமை ஒருபோதும் 5,0 என்று எழுதக்கூடாது, ஏனெனில் குறி மறைந்தால் அது ஐம்பதாகும். 'யூனிட்' என்ற சொல்லையும் முழுதாக எழுதப் பழக்க வேண்டும். U என்று ஒற்றை எழுத்தாகச் சுருக்கினால் அது பூச்சியம்போல் தோன்றி, 10 யூனிட் இன்சுலின் 100 ஆக வாசிக்கப்படும்.

நான் கற்பிக்கத் தொடங்கிய காலத்தில், முதியவர் ஒருவருக்கு எழுதப்பட்ட 2,5 மில்லிகிராம் மார்ஃபினை ஒரு மாணவி 25 என்று படித்துவிட்டாள். 10 மில்லிகிராம் ஆம்பூல்கள் (ஊசிமருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பிகள்) இரண்டை உடைத்து, மூன்றாவதைக் கையில் எடுத்தபோதுதான் அருகில் நின்ற சிஸ்டர், "ஒரு டோஸுக்கு எதற்கம்மா மூன்று ஆம்பூல்?" என்று கேட்டுத் தடுத்தார். கணக்கு அந்த மாணவிக்கு நன்றாகவே வரும். தவறாகப் படித்த எண்ணைக்கொண்டு பிசகாமல் வகுத்திருந்தாள். அன்றிலிருந்து என் வகுப்பில், ஒரு வேளைக்கு இரண்டுக்கு மேற்பட்ட ஆம்பூலோ மாத்திரையோ தேவைப்படும் விடை வந்தால், கையை நிறுத்தி, டாக்டர் டோஸை எழுதிய மருந்து அட்டையை மறுபடி படிக்க வேண்டும் என்பதை விதியாக வைத்திருக்கிறேன். சில மருந்துகளுக்கு அத்தனை மாத்திரைகள் உண்மையிலேயே தேவைப்படலாம். அப்போதும் நின்று பார்த்ததால் நட்டமில்லை.

இதன் அடுத்த படி, கணக்கிடுவதற்கு முன் மதிப்பிடுவது. மேசைமேல் பாராசிட்டமால் சிரப் புட்டி ஒன்றை வையுங்கள். அதில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் இருக்கும். குழந்தையின் எடை 12 கிலோ, கிலோவுக்கு 15 மில்லிகிராம் என எழுதப்பட்டிருந்தால் தேவை 180 மில்லிகிராம். இப்போது எவரையும் பேனா எடுக்க விடாமல், "கொடுக்க வேண்டியது ஐந்து மில்லிக்குக் கூடுதலா, குறைவா?" என்று கேளுங்கள். 180 என்பது 120இன் ஒன்றரை மடங்கு. ஆகவே ஐந்தின் ஒன்றரை மடங்கு, அதாவது ஏழரை மில்லி. இதைச் சொன்ன பிறகே சூத்திரத்தை எழுதச் சொல்லுங்கள்: தேவையான அளவை, கையிலுள்ள மருந்தின் அளவால் வகுத்து, அது கலந்துள்ள மில்லியால் பெருக்க வேண்டும். சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் பரீட்சைப் பதற்றத்தில் அதைத் தலைகீழாக்கி 3,3 மில்லி என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார். முன்னரே மதிப்பிட்டவருக்கோ, ஐந்துக்குக் கூடுதலாக வரவேண்டிய விடை குறைந்திருப்பது உடனே உறுத்தும்.

எடையை அன்றே நிறுத்துப் பார்க்க வேண்டும். தாய் சொல்லும் பழைய எடை போதாது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மருந்தோடு 5 மில்லி அளவுக்கரண்டியையோ சிரிஞ்சையோ சேர்த்துக் கொடுத்து, தாயையே ஒருமுறை அளந்து காட்டச் சொல்ல வேண்டும். சமையலறைக் கரண்டிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை.

மில்லிகிராமும் மைக்ரோகிராமும் ஆயிரம் மடங்கு வேறுபட்டவை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் 0,25 மில்லிகிராம் டிகாக்சினும் (இதய மருந்து) 250 மைக்ரோகிராம் டிகாக்சினும் ஒன்றே என்று கேட்டவுடன் தயங்காமல் சொல்பவர் சிலரே. மைக்ரோகிராம் என்பதையும் சுருக்காமல் எழுதச் சொல்லுங்கள். அட்ரினலினை விகிதத்தில் குறிப்பிடும்போது, ஆயிரத்தில் ஒன்று என்றால் 1000 மில்லியில் 1 கிராம், அதாவது ஒரு மில்லியில் 1 மில்லிகிராம் என்று மாணவர்களே வகுத்துக் கண்டுபிடிக்கட்டும். பத்தாயிரத்தில் ஒன்று என்பது எண் பெரிதாக இருப்பதால் வீரியமும் பெரிது என்று நினைப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். உண்மையில் அது பத்து மடங்கு நீர்த்தது.

டிரிப் கணக்கைக் கரும்பலகையில் முடித்துவிடக் கூடாது. 1000 மில்லி சலைனை 8 மணி நேரத்தில், மில்லிக்கு 20 துளி விழும் குழாயில் செலுத்த வேண்டுமானால், 20,000 துளியை 480 நிமிடத்தால் வகுத்து நிமிடத்துக்கு 42 துளி என்று விடை வரும். அதன்பின் கடிகாரத்தைப் பார்த்தபடி துளிகளை எண்ணி, குழாயின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் உருளையைத் திருகி, அவ்வேகத்தைக் கையாலேயே கொண்டுவரச் செய்யுங்கள். குழந்தைகளுக்கான 60 துளிக் குழாயில் மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை துளி என்பதை அவர்கள் தாமே கண்டுகொள்ளும்போது முகத்தில் தெரியும் தெளிவு ஆசிரியருக்குப் பெரிய மகிழ்ச்சி. குழாயின் உறையில் அச்சிட்ட துளி எண்ணை ஒவ்வொரு முறையும் பார்ப்பது கட்டாயம்.

கணக்கு சரியாக இருந்தும் கெடுதல் நேரும் இடங்கள் உண்டு. செறிந்த பொட்டாசியம் குளோரைடு, ஊசிக்கான தண்ணீரைப் போலவே நிறமற்றது. அதை நீர்த்துப்போகக் கலக்காமல் நேரே இரத்த நாளத்தில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். எனவே அது தண்ணீர் ஆம்பூல்களின் பக்கத்தில் இருக்கவே கூடாது. மார்ஃபின் போன்ற ஆறாம் அட்டவணை மருந்துகளை 1965ஆம் ஆண்டின் 101ஆம் எண் மருந்துச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பூட்டிய அலமாரி, பொறுப்புச் செவிலியரிடம் சாவி, பதிவேட்டில் மீதி எண்ணிக்கை, சாட்சியின் கையொப்பம், பயன்படாத மிச்சத்தைச் சாட்சியின் கண்முன் கொட்டுவது ஆகியவற்றை மாணவர்கள் வெற்று ஆம்பூல்களை வைத்து நடித்துப் பழகட்டும்.

டர்பன் வார்டுகளில் பெயர்க் குழப்பம் தனிக் கவலைக்குரியது. ஒரே அறையில் நாயுடு என்ற பெயரில் மூவரும் பிள்ளை என்ற பெயரில் இருவரும் படுத்திருப்பது இங்கே வழக்கம். "நீங்கள் மிசஸ் பிள்ளைதானே?" என்று கேட்டால், காது மந்தமான ஆயா (பாட்டி) மரியாதைக்காகத் தலையாட்டிவிடுவார். "ஆயா, உங்கள் முழுப்பெயர் என்ன, எந்த வருஷம் பிறந்தீர்கள்?" என்று அவரையே சொல்ல வைத்து, கைப்பட்டையில் உள்ள பெயர், பிறந்த தேதி, மருத்துவமனை எண் ஆகியவற்றோடு ஒப்பிட வேண்டும். ஜூலு பேசும் நோயாளிகளுக்காக இக்கேள்வியை ஜூலுவிலும் கற்றுக்கொள்ள வேண்டும்.

இருவர் சரிபார்ப்பது என்றால், ஒருவர் விடையைச் சொல்ல மற்றவர் தலையாட்டுவதன்று. என் வகுப்பில் இருவரை முதுகுக்கு முதுகு உட்காரவைத்து, ஒரே மருந்து அட்டையைத் தனித்தனியே கணக்கிடச் செய்கிறேன். விடைகள் மாறினால் யார் சரி என்று நான் சொல்வதில்லை, அவர்களே அட்டைக்குத் திரும்பிச் சென்று கண்டுபிடிக்கிறார்கள். மருந்தளவுப் பரீட்சையில் பாதி மதிப்பெண் தேர்ச்சியாகாது. முழு மதிப்பெண் வரும்வரை, வெட்கப்படுத்தாமல், திரும்பத் திரும்ப எழுத விட வேண்டும். தவறைத் தானாக வந்து சொன்ன மாணவியைக் கடிந்துகொண்டால், அடுத்த தவறை அவள் மறைப்பாள். அதன் விலையைக் கொடுப்பவர் நோயாளி.

பருவத்தின் இறுதியில் நான் வைக்கும் தேர்வில் பத்து மருந்து அட்டைகள் இருக்கும். அவற்றில் மூன்றில் எடை விடுபட்டிருக்கும், அல்லது அலகு இராது, அல்லது டோஸ் பத்து மடங்கு கூடியிருக்கும். அந்த மூன்றுக்கும் விடை எழுதியவர் தேர்ச்சி பெறுவதில்லை. பேனாவை வைத்துவிட்டு, "டாக்டரிடம் கேட்க வேண்டும்" என்று எழுந்து வருபவரையே வார்டுக்கு அனுப்புகிறேன்.