கடற்கரைக்குப் போகும் வழியில் கேட் போட்டுவிட்டால் என்ன செய்வது?

"கடற்கரை எல்லாருக்கும் பொது, வழி விடச் சொல்லுங்கள்" என்று மட்டும் எழுதிய மனு தாலுகா அலுவலகக் கட்டுக்குள்ளேயே கிடக்கும். இடம் யாருடையது என்பது வருவாய்த் துறை விஷயம். அங்கே என்ன கட்டலாம், எப்படி வேலி போடலாம் என்பது கடலோரக் கட்டுமானங்களுக்கான மத்திய அரசின் விதியான கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின் விஷயம். பட்டா நிலம் அந்த மண்டலத்துக்குள் வந்தாலும் பட்டா நிலம்தான். புறம்போக்கை மறித்த வேலியோ, சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதம் இருந்தாலும் ஆக்கிரமிப்புதான். இரண்டையும் ஒரே மனுவில் கலக்காதீர்கள்.

முதல் வேலை சர்வே எண். கேட் அருகில் நின்று போனில் இருப்பிடத்தைக் குறித்து, அரசின் நில வரைபடத் தளத்தில் பாருங்கள். போன் சில மீட்டர் பிசகும் என்பதால் இருபக்க எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு இ-சேவைத் தளத்தில் அ-பதிவேடு (எல்லா சர்வே எண்களின் வகையும் உள்ள கிராமப் பதிவேடு), புலப்படம் (அந்த எண்ணின் அளவு வரைபடம்) இரண்டையும் எடுங்கள். பலர் சிட்டாவைத் தேடி, விவரம் வராததும் விட்டுவிடுகிறார்கள். சிட்டாவில் பட்டா நிலம் மட்டுமே வரும். புறம்போக்கு அ-பதிவேட்டில்தான் தெரியும். புலப்படத்தில் உள்ள நீளங்கள் மீட்டர் கணக்கு. சர்வே கல்லிலிருந்து வேலி வரை டேப் பிடித்து ஒப்பிடுங்கள். கல் பிடுங்கப்பட்டிருந்தால் அதையே மனுவில் எழுதி, சர்வேயர் அளவு கேளுங்கள்.

வழிக்கான ஆதாரத்தை மூன்று இடங்களில் தேடலாம். ஒன்று, புலப்படத்திலும் அ-பதிவேட்டிலும் உள்ள வண்டிப்பாதை. அடுத்தது மனைப்பிரிவுச் (லேஅவுட்) சாலை. கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈசிஆர்) பக்கம் இதுதான் அதிகம் கைகொடுக்கும். அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவின் சாலைகள் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதித் தரப்பட்டிருக்கும். அப்படி எழுதித் தந்த சாலையில் குடியிருப்போர் சங்கம் கேட் போட்டுக் காவலாளி வைத்தாலும் சாலை ஊராட்சியுடையதே. பத்திர நகலை ஊராட்சியிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். மூன்றாவது, ரிசார்ட்டுகளுக்கான நிபந்தனை. அடுத்தடுத்த இரு கடற்கரை விடுதிகளுக்கு நடுவே பொதுமக்கள் போக குறைந்தது 20 மீட்டர் இடைவெளி விட வேண்டும். வேலி கடற்கரைக்குப் போவதைத் தடுக்கக் கூடாது. இது 2011 அறிவிக்கையிலேயே இருக்கிறது.

மணல் ஈரமாக இருக்கும் இடத்தைக் காட்டி "இதுதான் உயர் அலைக் கோடு (கடல் நீர் ஏறி வரும் எல்லை)" என்று வாதாடாதீர்கள். வடகிழக்குப் பருவத்தில் கரை குறுகும், பிறகு விரியும். அதிகாரபூர்வக் கோடு கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் இருக்கிறது. வரைபடம் எந்த ஆண்டு அறிவிக்கைக்கு உரியது என்றும் பாருங்கள். ஊரகப் பகுதியில் 2011 விதிப்படி உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதிய கட்டடம் கூடாது. 2019 அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வசிக்கும் பகுதியில் அதை 50 மீட்டராகக் குறைத்தது. ஆனால் அந்த அறிவிக்கைப்படி வரைபடம் ஒப்புதல் பெற்ற பிறகே சலுகை செல்லும். உயர் அலை மட்டத்துக்குக் கீழே உள்ள கடல்படுகை அரசுச் சொத்து என்கிறது 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவு.

இனி யாரிடம் போவது என்பது குழப்பமில்லை. புறம்போக்கு என்றால் தாசில்தார்: அதே 1905 சட்டத்தின் 7ஆம் பிரிவு நோட்டீஸ், 6ஆம் பிரிவில் வெளியேற்றம். தானச் சாலை என்றால் ஊராட்சியும் வட்டார வளர்ச்சி அலுவலரும்; கிராம சபைத் தீர்மானம் இருந்தால் மனுவுக்குக் கனம் கூடும். மண்டல விதி மீறல் என்றால் மாவட்டக் கடலோர மண்டலக் குழுவின் தலைவரான ஆட்சியர், நகல் மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துக்கு.

பொது வழி அடைபட்டதென்று கோட்டாட்சியரிடம் பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 152ஆம் பிரிவில் மனுப் போடலாம். இதில் ஒரு பொறி உண்டு: எதிர்த்தரப்பு "இது பொது வழியே இல்லை" என்று நம்பத்தக்க ஆதாரம் காட்டினால், உரிமையியல் நீதிமன்றம் முடிவு சொல்லும்வரை விசாரணை நின்றுவிடும். அதனால் பழைய புலப்படம், பாதையைப் பயன்படுத்தும் மீனவர்களின் வாக்குமூலம் எல்லாம் முதல் நாளே கையில் இருக்கட்டும்.

சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குக் காலவரம்பு கறார். அதன் சட்டத்தின் 14ஆம் பிரிவு மனுவுக்குப் பிரச்சினை தொடங்கியதிலிருந்து ஆறு மாதம். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள். மனு எழுதிக்கொண்டே காத்திருந்தால் இந்தக் கெடு ஓடிவிடும். வேலி எப்போது வந்தது என்பதைக் கூகுள் எர்த்தின் பழைய படங்களில் பாருங்கள். எதிர்த்தரப்பும் அதைத்தான் பார்க்கும்.

கேட்டை நீங்களே உடைக்கப் போகாதீர்கள். வழக்கு உங்கள் மேல் திரும்பும். உத்தரவு கிடைத்து வேலியை அகற்றும் நாளில் மகஜரில் (அகற்றியதை அதிகாரிகள் எழுதிவைக்கும் குறிப்பில்) சர்வே எண்ணும் அகற்றிய நீளமும் இருக்கிறதா என்று பார்த்து, நகல் வாங்குங்கள். எல்லைக் கற்களை அன்றே நடச் சொல்லுங்கள். கல் இல்லாத இடத்தில் வேலி திரும்பி வந்தால் மறுபடி அளவிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.