வெள்ளவத்தையில் எத்தனை பேர்? தொகைமதிப்பு அட்டவணையில் தேடும் விதம்

என்னிடம் புவியியல் டியூஷனுக்கு வரும் பிள்ளை ஒருத்தி, யாழ்ப்பாண மாவட்டச் சனத்தொகை என்று ஒரு வரைபு கீறிக்கொண்டு வந்தாள். 1981இல் உயரத்தில் நின்ற கோடு 2001இல் தரையைத் தொட்டு, 2012இல் மறுபடி எழும்பியிருந்தது. "என்ன பிள்ளை, எல்லாரும் ஒரேயடியாக எங்கே போனவர்கள்?" என்று கேட்டேன். "அட்டவணையில் கோடு போட்டிருந்தது டீச்சர், நான் பூச்சியம் என்று எடுத்தேன்" என்றாள்.

இலங்கையின் 2001 தொகைமதிப்பில், அதாவது மக்கள் கணக்கெடுப்பில், 18 மாவட்டங்களில்தான் முழுமையாக எண்ண முடிந்தது. வடக்கின் ஐந்து மாவட்டங்களும் மட்டக்களப்பும் திருகோணமலையும் அந்தப் பதினெட்டில் இல்லை. காரணம் யுத்தம். ஆகவே அட்டவணையைத் திறந்தால் முதலில் அடிக்குறிப்பை வாசியுங்கள், எண்களைப் பிறகு பார்க்கலாம்.

அடுத்தது, எதைத் தேடுகிறோம் என்பது. குடிசன, வீடுகள் தொகைமதிப்பில் ஆளைப் பற்றிய கேள்விகளும் வீட்டைப் பற்றிய கேள்விகளும் உண்டு. வயது, பால், இனம், மதம், படிப்பு, தொழில், பிறந்த மாவட்டம், நடக்க, பார்க்க, கேட்க உள்ள சிரமம் ஆகியவை ஆள் பக்கம். சுவர், கூரை, குடிதண்ணீர், கழிப்பறை, சமைக்க விறகா காஸா என்பவை வீட்டுப் பக்கம். இரண்டையும் குழப்பக் கூடாது. எங்கள் ஒழுங்கையில் பூட்டிக் கிடக்கும் பிளாட்டுகள் நிறைய. சொந்தக்காரர் கனடாவில் இருப்பார். அந்த பிளாட் வீட்டுக் கணக்கில் வரும், அவர் ஆள் கணக்கில் வரமாட்டார்.

சரி, தேடுவோம். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அறிக்கைகள் பீ.டி.எஃப். ஆகவும் அட்டவணைகள் எக்செல் ஆகவும் கிடைக்கின்றன. மாவட்டம், பிரதேச செயலாளர் பிரிவு, கிராம அலுவலர் பிரிவு என்று கீழே இறங்கிப் போகலாம். கொழும்பின் வெள்ளவத்தைக்கு ஒரே வரி இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். திம்பிரிகஸ்யாய பிரதேச செயலாளர் பிரிவுக்குள் வெள்ளவத்தை வடக்கு, வெள்ளவத்தை தெற்கு என்று தனித்தனியாக இருக்கும். பாமன்கடை வேறு. எந்த வீதி எந்தப் பிரிவு என்று உங்கள் ஜீ.எஸ்.ஸிடம் (கிராம அலுவலரிடம்) கேட்டுவிட்டு உட்காருங்கள், அரை நாள் மிச்சம். ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்து ஆளுக்கு ஆள் மாறும், அதனால் முதல் ஐந்தாறு எழுத்தை மட்டும் போட்டுத் தேடுங்கள்.

"இங்கே தமிழர் எத்தனை பேர்?" என்பதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டு நிரல்கள் இருக்கும். 1911இலிருந்து இப்படிப் பிரித்துத்தான் எண்ணுகிறார்கள். இரண்டையும் கூட்ட வேண்டும். கூட்டினாலும் அது தமிழ் பேசுவோர் தொகை ஆகாது. வீட்டில் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பம் இலங்கைச் சோனகர் நிரலில் இருக்கும். மொழிதான் வேண்டும் என்றால் 2012 அறிக்கையில் மொழித் திறன் அட்டவணைகள் வேறாக உள்ளன.

நகரம், கிராமம் என்ற நிரல்களிலும் கவனம். மாநகர சபையோ நகர சபையோ உள்ள இடம்தான் இங்கே நகரம், மற்றவை கிராமம் அல்லது தோட்டம். 2012 கணக்கில் ஹோமாகம கிராமம். ஹோமாகம சந்தியில் மாலை ஐந்து மணிக்கு பஸ்ஸுக்கு நெரிசலில் நின்றவர்கள் சிரிப்பார்கள்.

2024 கணக்கெடுப்பை டெப்லெட்டில் பதிந்தார்கள். முதலில் வந்தது மொத்த ஆள்தொகை: 2 கோடி 17 லட்சத்துக்கு மேல். கம்பஹா மாவட்டம் கொழும்பை முந்திவிட்டது. முதற்கட்ட எண்ணும் இறுதி எண்ணும் சற்று வேறுபடும், எதை எடுத்தீர்கள் என்று எழுதிவையுங்கள்.

பெயரைப் போட்டு ஆளைத் தேட முடியாது. வெளியாவது கூட்டுத்தொகைதான், தனியாள் விபரம் சட்டப்படி இரகசியம். இதை நம்பவைக்கத்தான் பக்கத்து வீட்டு மாமியிடம் ஒரு பின்னேரம் முழுக்கப் பேசவேண்டி வந்தது. யுத்த காலத்தில் பொலிஸ் பதிவுக்குப் படிவம் நிரப்பியவர் அவர். கதவைத் தட்டி "வீட்டில் எத்தனை பேர்?" என்று யார் கேட்டாலும் அந்த ஞாபகம்தான் வருகிறதாம். வாக்காளர் இடாப்பு வேறு, பொலிஸ் பதிவு வேறு, இது வேறு என்று சொல்லிச் சொல்லித்தான் பதில் சொல்லச் சம்மதித்தார்.

அந்தப் பிள்ளையின் வரைபுக்கு வருகிறேன். 2001ஐ வெறுமையாக விட்டு, 1981க்கும் 2012க்கும் இடையில் புள்ளிக்கோடு போட்டாள். அப்புறமும் ஒரு பிழை இருந்தது. கிளிநொச்சி 1984இல்தான் தனி மாவட்டம் ஆனது, 1981இல் அச்சடித்த யாழ்ப்பாண எண்ணுக்குள் அதுவும் அடக்கம். 2012இன் கிளிநொச்சி எண்ணைத் தேடிக் கூட்டச் சொன்னேன். கூட்டிப் பார்த்துவிட்டு, கோட்டின் சரிவு குறைந்துவிட்டது என்று அழிறப்பரை எடுத்தாள்.