வாசிக்கச் சொல்லித்தரும்போது நாம் செய்யும் தவறுகள்

மூன்றாம் வகுப்பில் எனக்கு ஒரு மாணவன் இருந்தான். பாடத்தைப் பிசகாமல் சத்தமாகச் சொல்வான். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். வாய் மூன்றாவது வரியில் இருந்தது. விரலோ முதல் வரியிலேயே நின்றது. அவனுக்கு வாசிக்கவே வரவில்லை. அது அத்தனை மாதமாக எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், வகுப்பு முழுவதையும் கோரஸாகவே வாசிக்க வைத்ததுதான். அதிலிருந்து தினமும் நான்கைந்து பிள்ளைகளைத் தனியாக வாசிக்கச் சொல்கிறேன். ஆளுக்கு ஒரு நிமிடம் போதும். பாடத்தில் இல்லாத ஒரு வரியைக் கொடுங்கள், மனப்பாடம் எது, வாசிப்பு எது என்று உடனே தெரிந்துவிடும்.

247 எழுத்துகளையும் வரிசையாக முடித்த பிறகுதான் சொல் என்று காத்திருப்பது இன்னொரு தவறு. ட, ப, ம மூன்றோடு புள்ளியையும் சொல்லிக்கொடுத்தால் படம், மடம், பட்டம் எல்லாம் வந்துவிடும். தானே ஒரு சொல்லைப் படித்துவிட்ட பிள்ளை அடுத்த எழுத்தைத் தானாகக் கேட்கும்.

தமிழில் நாம் அதிகம் கவனிக்காத சிக்கல் ஒலியில் இருக்கிறது. கல், தங்கம், மகன் மூன்றிலும் ஒரே ‘க’தான், ஒலி மட்டும் வேறு. அட்டையில் பார்த்த ஒலியையே பிடித்துக்கொண்டு பிள்ளை ‘மக்கன்’ என்று படிக்கும். அதைத் தப்பு என்று அடக்காதீர்கள். நாம் சொல்லிக்கொடுத்ததைத்தான் அது செய்கிறது. “வீட்டில் எப்படிச் சொல்வோம்?” என்று கேளுங்கள், தானே திருத்திக்கொள்ளும்.

அப்புறம் கொம்பு. ‘கொடி’யில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வருவதோ க். அதனால் ‘கெடி’ என்று தடுமாறுவார்கள். க அட்டையை நடுவில் வைத்து, இடப்பக்கம் கொம்பையும் வலப்பக்கம் காலையும் பிள்ளையின் கையாலேயே வைக்கச் சொன்னால் குழப்பம் மெல்லத் தீரும்.

கேள்வி கேட்டுவிட்டு அவசரப்படுவதும் பெரிய தவறு. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைகளில் கவனித்தபோது, ஆசிரியர்கள் விடைக்குச் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருந்தார்கள். மூன்று நொடி காத்தால் பதில் நீள்கிறது, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்று கண்டார். மனதுக்குள் மூன்று எண்ணுங்கள், போதும்.

தொடக்க வகுப்புப் பிள்ளைகள் எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் கற்பதற்காகத் தமிழக அரசு 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைகள் உண்டு. அவை நாம் பாடம் திட்டமிடுவதற்காக. “அரும்பு எல்லாம் இந்தப் பக்கம் வா” என்று கூப்பிட்டால் அது பட்டப்பெயராகிவிடும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனதளவில் துன்புறுத்துவதையும் தடைசெய்கிறது. ‘மக்கு’ என்று சொல்வதும் அந்த வகைதான் என்பேன்.

பெற்றோரிடம் “உங்கள் பையனுக்குப் படிப்பு ஏறவில்லை” என்று சொல்லி அனுப்பாதீர்கள். “கொ, கோ இரண்டில்தான் தடுமாறுகிறான், தினமும் ஐந்து சொல் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்” என்று சொல்லுங்கள். எழுத்துத் தெரியாத அம்மாகூடச் சமைத்துக்கொண்டே கேட்கலாம்.