மழையில் தாண்டிக்குடி: இரண்டு சைக்கிள், ஓர் இரவு

வத்தலக்குண்டில் கிளம்பி பட்டிவீரன்பட்டி, அய்யம்பாளையம், பெரும்பாறை வழியாகத் தாண்டிக்குடிக்கு ஏறி, ராத்திரி அங்கே தங்கி, மறுநாள் பண்ணைக்காடு, ஊத்து வந்து கொடைக்கானல் மலைச்சாலையில் இறங்கி, காட்ரோடு வழியாக மறுபடி வத்தலக்குண்டு. இதுதான் சுற்று. கொடைக்கானல் ஊருக்குள் போகவே தேவையில்லை. மழைக்காலத்தில் சுமை கட்டிய சைக்கிளோடு கீழ்மலையை, அதாவது பழனி மலைத்தொடரின் தாழ்ந்த பகுதியைப் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஏறும் பக்கம் பெரிய வண்டிகள் குறைவு, சில்வர் ஓக்கில் ஏறிய மிளகும் அடியில் காப்பியுமாக வழி நெடுகத் தோட்டம், இடையிடையே மலைவாழை, நல்ல மழை பெய்திருந்தால் பாறைக்குப் பாறை ஓடை.

நானும் நண்பனும் முதல்முறை போனபோது தப்பாகத் தயாரானோம், அதனால்தான் இதை எழுதுகிறேன். பகலில் நனையாமல் இருக்க என்னென்ன உண்டோ அத்தனையும் வாங்கினோம்: மழைக்கோட்டு, ஷூவுக்கு உறை, பைக்கு மேலே மூடி. மத்தியானத்துக்குள் இரண்டு பேரும் தொப்பலாக நனைந்துவிட்டோம், அதுகூடப் பரவாயில்லை, அறைக்குப் போய்ப் பையைத் திறந்தால் ராத்திரிக்கு வைத்திருந்த துணியும் அடியில் ஊறிக் கிடந்தது. ஈரத்தோடு ஒரு மலை இரவைக் கழித்தவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு நீளம் என்று. அன்றைக்கு வந்த விதி இது: பகலில் நனைவோம், அதை ஏற்றுக்கொள்வோம், ராத்திரிக்கு ஒரு செட் துணி மட்டும் எந்த நிலையிலும் நனையக் கூடாது. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

அந்த செட்டில் முழுக்கைச் சட்டை, பேன்ட், இரண்டு ஜோடி சாக்ஸ், ஒரு குரங்குக் குல்லாய், ஒரு மெல்லிய ஸ்வெட்டர், துண்டு. இவ்வளவுதான். கெட்டியான பாலிதீன் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, வாயை முறுக்கி மடக்கி ரப்பர் பேண்டு போட்டு, அதை இன்னொரு பையில் தலைகீழாக வைத்து அதையும் கட்டுங்கள். உரச்சாக்கின் உள்ளே வரும் பிளாஸ்டிக் உறை கிடைத்தால் கழுவி எடுத்துக்கொள்ளுங்கள், அதைவிடப் பலமானது எந்தக் கடையிலும் இல்லை. "வாட்டர் ப்ரூஃப்" என்று அச்சடித்த பையை நம்பி உள்ளே உறை போடாமல் விடாதீர்கள். தையல் ஓட்டையிலும் ஜிப்பிலும் தண்ணீர் இறங்கும், அதுவும் பின்சக்கரம் கீழேயிருந்து அடிக்கும் சேற்றுத்தண்ணீர் எட்டு மணி நேரம் விடாமல் இறங்கும். வழியில் குளிர்கிறது என்று இந்த மூட்டையைப் பிரிக்கவே கூடாது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் தடுக்க வேண்டும், நண்பன் கூட இருப்பதில் இது ஒரு லாபம்.

எப்போது போவது? கீழ்மலைக்கு அதிக மழை தருவது வடகிழக்குப் பருவமழை, முக்கியமாக அக்டோபரும் நவம்பரும். தேதியை இறுக்கிப் பிடிக்காதீர்கள். திண்டுக்கல் மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால், அதாவது 24 மணி நேரத்தில் சுமார் 12 முதல் 20 செ.மீ. வரை மழை எதிர்பார்த்தால், பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், பேச்சே வேண்டாம். மண் ஏற்கெனவே ஊறியிருக்கும்போது மரம் சாய்வதற்கும் பாறை உருள்வதற்கும் காற்றுகூடத் தேவையில்லை. எனக்குப் பிடித்தது டிசம்பர் முதல் பாதி: பெருமழை ஓய்ந்திருக்கும், சாரல் நிற்காது, காப்பிப் பழம் சிவந்து பறிப்பு நடந்துகொண்டிருக்கும்.

சைக்கிள் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் கியர் இருக்க வேண்டும். முன்னால் உள்ள சின்னப் பல்சக்கரத்தைவிடப் பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தில் பற்கள் கூடுதலாக இருந்தால்தான் (முன்னால் 32 என்றால் பின்னால் 34 அல்லது அதற்கு மேல்) பத்துக் கிலோ சுமையோடு உட்கார்ந்தபடியே ஏற முடியும். ஈரச் சாலையில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் வழுக்கும். 40 மி.மீ. அகல டயர் நல்லது. காற்றை வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், ரோட்டைப் பிடித்துக்கொண்டு போகும். இரண்டு சக்கரத்துக்கும் மட்கார்டு கட்டாயம், அழகு பார்த்துக் கழற்றி வைக்காதீர்கள்.

பிரேக்தான் முக்கியம். மழையில் மண்ணும் மணலும் சேர்ந்து அரைக்கும்போது பிரேக் கட்டை தேய்கிற வேகத்தை நேரில் பார்த்தால்தான் நம்புவீர்கள். டிஸ்க் பிரேக் என்றால் உலோகத் துகள் கலந்த பேடு ஈரத்தில் அதிக நாள் உழைக்கும், ரெசின் பேடு சீக்கிரம் கரையும். எதுவாக இருந்தாலும் புதிதாக மாட்டிக்கொண்டு கிளம்புங்கள், கூடவே ஒரு ஜோடி உபரியாக எடுத்துக்கொள்ளுங்கள், அதை மாற்றவும் வீட்டிலேயே ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள். விரல் விறைத்துப்போய், மழை கொட்டும்போது, ரோட்டோரத்தில் முதல்முறையாகக் கற்றுக்கொள்வது பெரிய கஷ்டம். செயினுக்கு மழைக்கான கெட்டி எண்ணெய். மெல்லியது அரை நாளில் கழுவிக்கொண்டு போய்விடும்.

சாமான்களைப் பிரிப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. பம்பு, செயின் வெட்டும் கருவி, அல்லன் கீ, பஞ்சர் சாமான், முதலுதவிப் பை எல்லாம் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்று போதும், அந்தப் பை எப்போதும் பின்னால் வருகிறவரிடம் இருக்க வேண்டும். முன்னால் போகிறவருக்கு ஏதாவது ஆனால் பின்னால் வருகிறவர் எப்படியும் வந்து சேர்வார். பின்னால் வருகிறவருக்கு ஆனால் பை அவரிடமே இருக்கிறது. மாறி வைத்தால் ஒருவர் பஞ்சரோடு நிற்பார், மற்றவர் மூன்று கொண்டை ஊசி வளைவுக்கு மேலே கருவிகளோடு காத்திருப்பார். டியூப், விளக்கு, தண்ணீர், பணம், உலர்ந்த துணி மட்டும் தனித்தனி.

ஏறும் நாள் காலை ஆறரைக்குக் கிளம்பினால் போதும். அய்யம்பாளையம் வரை தென்னந்தோப்பும் சமவெளியும், உடம்பு சூடாக நேரம் கிடைக்கும். அய்யம்பாளையத்தில் நன்றாகச் சாப்பிட்டுவிடுங்கள், தண்ணீரை நிரப்பிக்கொள்ளுங்கள், அதற்கு அப்புறம் பெரும்பாறை வரை கடையை நம்பாதீர்கள். அடிவாரத்திலிருந்து தாண்டிக்குடி ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுமையோடு மணிக்கு ஆறேழு கிலோமீட்டர் வேகம் கிடைத்தால் நல்ல வேகம். மழைக்கோட்டை ஏறும்போது போடாதீர்கள். உள்ளே வியர்வையில் நனைவதும் வெளியே மழையில் நனைவதும் ஒன்றுதான், மழையாவது மூச்சு முட்டாமல் இருக்கும். பருத்தி பனியனை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள், பாலியெஸ்டர் டீ-ஷர்ட் போதும், பிழிந்தால் கால் மணி நேரத்தில் பாதி காய்ந்துவிடும்.

மெதுவாக ஏறுகிறவர் முன்னால் போகட்டும். வேகமானவர் முன்னால் போய் வளைவில் காத்திருந்து, மெதுவானவர் வந்ததும் "போலாமா மாப்ள" என்று கிளம்பினால், ஓய்வு எல்லாம் ஒருவருக்கு, களைப்பு எல்லாம் இன்னொருவருக்கு. இதனால் முறிந்த பயணங்கள் எனக்குத் தெரியும். அப்படியே முன்னால் போய்விட்டாலும் பின்னால் வந்தவர் இறங்கி, தண்ணீர் குடித்து, இரண்டு வாய் வாழைப்பழம் தின்றபிறகுதான் கிளம்ப வேண்டும். முக்கால் மணிக்கு ஒருமுறை பசித்தாலும் பசிக்காவிட்டாலும் ஏதாவது சாப்பிடுங்கள்: மலைவாழை, கடலை மிட்டாய், பேரீச்சம்பழம். குளிரில் தாகமும் பசியும் தெரியாது, திடீரென்று கால் ஓடாமல் நிற்கும்போதுதான் தெரியும்.

அட்டை இருக்கும். ரோட்டில் அவ்வளவு ஏறாது, புல்லில் கால் வைத்தால் ஏறும். பிடுங்காதீர்கள், உப்பு அல்லது மூக்குப்பொடி வைத்தால் விழுந்துவிடும், கடித்த இடத்தில் ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் கசியும், பயப்பட வேண்டாம், சோப்புப் போட்டுக் கழுவித் துணி வைத்து அழுத்துங்கள்.

யானையும் காட்டெருமையும் வேறு விஷயம். கீழ்மலையில் இரண்டும் உண்டு, தோட்டத்துக்குள்ளும் வரும், ரோட்டிலும் நிற்கும். அதனால் பொழுது சாயும் முன்னால் அறைக்குள் இருக்க வேண்டும், விடிந்து வெளிச்சம் வந்தபிறகுதான் கிளம்ப வேண்டும். சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது, மூடுபனியில் ஒரு வளைவைத் திரும்பினால் பத்தடியில் நிற்கும். ஆகவே வளைவுகளில் பேசிக்கொண்டே போங்கள், பெல் அடியுங்கள். எதிரே நின்றால் நிறுத்தி, சத்தமில்லாமல் பின்வாங்கி, ஒரு பஸ்ஸோ ஜீப்போ வரும்வரை காத்திருங்கள். போட்டோவுக்காக ஓர் அடிகூட முன்னால் போகாதீர்கள். பெரும்பாறை டீக்கடையில் "இன்னிக்கு யானை எங்கண்ணே நிக்குது" என்று கேளுங்கள், எந்த ஆப்பிலும் கிடைக்காத தகவல் அங்கே கிடைக்கும்.

கூடாரம் வேண்டாம் என்பதற்கும் இதுதான் காரணம். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் தங்குவது குற்றம், தோட்டங்கள் எல்லாம் தனியார் நிலம், யானை நடமாடும் இடத்தில் துணிச்சுவருக்குள் படுக்க யாரும் சொல்ல மாட்டார்கள். தாண்டிக்குடியிலும் பண்ணைக்காட்டிலும் சின்ன விடுதிகளும் தோட்ட வீடுகளும் உண்டு. முன்கூட்டியே போன் பண்ணி சைக்கிளை உள்ளே நிறுத்த இடம், வெந்நீர், ராத்திரிச் சாப்பாடு மூன்றையும் கேட்டுவிடுங்கள், கடைகள் சீக்கிரம் மூடிவிடும். முருகன் இங்கிருந்து பழனிக்குத் தாண்டிக் குதித்ததால் தாண்டிக்குதி, அதுதான் தாண்டிக்குடி ஆனது என்று ஊரில் சொல்வார்கள். வெளிச்சம் மிச்சமிருந்தால் முருகன் கோயில் வரை நடந்துவிட்டு வரலாம்.

அறைக்குப் போனதும் உட்காராதீர்கள். ஈரத்தைக் கழற்றி, வெந்நீர் ஊற்றிக்கொண்டு, மூட்டையைப் பிரித்து உலர்ந்த துணியைப் போடுங்கள். அந்த நிமிஷத்துக்காகத்தான் காலையிலிருந்து அதைக் காப்பாற்றி வந்தோம். அப்புறம் ஷூவின் உள்தகட்டை எடுத்துவிட்டு, பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணியுங்கள், ஒரு மணி நேரம் கழித்து எடுத்துவிட்டு மறுபடி புதிதாகத் திணியுங்கள், விடிவதற்குள் பாதிக்கு மேல் காய்ந்திருக்கும். நண்பன் நடுங்குவது நிற்கவில்லை, பேச்சு குழறுகிறது, பொத்தான் போட விரல் ஒத்துழைக்கவில்லை என்றால் அதைச் சாதாரணக் குளிர் என்று விட்டுவிடாதீர்கள். கம்பளி போர்த்தி, இனிப்பாகச் சூடாக ஏதாவது குடிக்கக் கொடுத்து, பக்கத்திலேயே இருங்கள், குறையவில்லை என்றால் 108க்குப் போன் பண்ணுங்கள். சாராயம் உடம்பைச் சூடாக்குவதில்லை, இருக்கிற சூட்டையும் தோல் வழியாக வெளியே விட்டுவிடும்.

காலையில் மனசு கேட்காது, இருந்தாலும் நேற்றைய ஈர உடையையே போட்டுக்கொள்ளுங்கள். பத்து நிமிஷம் மிதித்தால் உடம்புச் சூடு ஏறிவிடும். பண்ணைக்காட்டில் டிபன், ஊத்தில் ஒரு சுக்குக்காப்பி. அங்கிருந்து கீழே இறங்கும்போது மிதிக்க வேலையில்லை, காற்று மட்டும் நெஞ்சில் அடிக்கும், ஏறும்போது சம்பாதித்த சூடு பத்து நிமிஷத்தில் போய்விடும். இரவு முடிந்துவிட்டது, இனி அடுத்த அறை வீடுதான். ஆகவே உலர்ந்த மூட்டையிலிருந்து ஸ்வெட்டரை மட்டும் இப்போது எடுத்துப் போடலாம், அதற்கு மேல் மழைக்கோட்டு, கையில் உறை. விரல் விறைத்தால் பிரேக் பிடிக்க முடியாது.

இறக்கத்தில் இரண்டு பேருக்கும் நடுவே முப்பது நாற்பது மீட்டர் இடைவெளி. நேர்ச்சாலையிலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிடுங்கள், சாய்ந்திருக்கும்போது பிடித்தால் வழுக்கும். சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக் என்றால் முதல் ஒன்றிரண்டு சுற்று தண்ணீரைத் துடைக்கத்தான் போகும், அதனால் கொஞ்சம் முன்னாலேயே லேசாக அழுத்தி வையுங்கள். வெள்ளைக் கோடு, உதிர்ந்த இலை, டீசல் சிந்திய பளபளப்பு மூன்றிலும் திருப்பவோ பிரேக் பிடிக்கவோ வேண்டாம். மலையில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் வழி. பஸ் கொண்டை ஊசியில் முழு ரோட்டையும் எடுத்துக்கொண்டுதான் திரும்பும், நீங்கள் வளைவுக்கு முன்னாலேயே நின்று வழி விடுங்கள். பின்னால் சிவப்பு விளக்கு பகலிலும் எரியட்டும். சனி ஞாயிறில் இந்த இறக்கம் வேண்டவே வேண்டாம்.

டம்டம் பாறையில் நிறுத்துங்கள். மேகம் விலகினால் எதிரே தலையாறு அருவி தெரியும், எலிவால் அருவி என்பார்கள், 297 மீட்டர், தமிழ்நாட்டிலேயே உயரமானது, மழைக்குப் பிறகு அதைப் பார்ப்பதற்காகவே இந்தப் பக்கம் இறங்கலாம். நிறுத்தின கையோடு இரண்டு சைக்கிளின் பிரேக்கையும் பாருங்கள். ஒருமுறை இங்கேதான் என் பின்பிரேக் பேடு இரும்பு வரைக்கும் தேய்ந்துபோனது தெரிந்தது, உபரி இருந்ததால் இருபது நிமிஷத்தில் மாற்றிவிட்டு இறங்கினோம்.

முடியவில்லை என்று தோன்றினால், எந்த இடத்திலும், திரும்புவதற்குக் கூச்சப்படாதீர்கள். வத்தலக்குண்டுக்கு பஸ் உண்டு, வாழைத்தார் ஏற்றிப் போகும் வண்டிக்காரர்களிடம் கேட்டால் சைக்கிளையும் சேர்த்து ஏற்றிக்கொள்வார்கள். யார் "போதும்" என்று சொன்னாலும் மற்றவர் மறுபேச்சு பேசக் கூடாது என்பதைக் கிளம்பும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

வீடு வந்ததும் தூங்கப் போகும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. சைக்கிளில் தண்ணீர் ஊற்றிச் சேற்றைக் கழுவி, சீட்டுக் குழாயை உருவி, வண்டியைத் தலைகீழாக நிறுத்துங்கள். சட்டத்துக்குள் இறங்கிய தண்ணீர் அரை டம்ளராவது வெளியே வரும். செயினைத் துணியால் துடைத்து எண்ணெய் விட்டு, சீட்டுக் குழாயை மறுநாள் காலையில் கிரீஸ் தடவி மாட்டினால் போதும்.