லண்டனுக்குக் கிளம்பும் ஆண்களுக்கு: பெட்டியில் கோட் வைக்காதீர்கள்

விசா கைக்கு வந்த அன்றே வீட்டில் தொடங்கும் பேச்சு இது: "அங்க குளிரு ஜாஸ்தி, நல்ல கோட்டா ஒண்ணு வாங்கிக்க." நானும் திருச்சி என்.எஸ்.பி. ரோட்டில் அரை நாள் அலைந்து ஒரு தடி ஜாக்கெட் வாங்கினேன். கூடவே அண்ணன் கல்யாண ரிசப்ஷனுக்குத் தைத்த சூட்டையும் மடித்து வைத்துக்கொண்டேன். லண்டன் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஜாக்கெட் முதல் மழையிலேயே தண்ணீர் குடித்துக் கனத்துப் போனது, சூட்டை இன்னும் உறையிலிருந்து எடுக்கவில்லை. இனி வருகிற தம்பிகள் அந்த இடத்தில் நல்ல பருத்திச் சட்டைகளும் இரண்டு வேட்டியும் வைத்து வாருங்கள், கோட்டை இங்கே பார்த்துக்கொள்ளலாம்.

ஏன் என்றால் லண்டன் குளிர் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. பனி கொட்டுவது அபூர்வம். ஜனவரியில்கூடப் பகலில் பெரும்பாலும் 5 முதல் 8 டிகிரிதான் இருக்கும், ஆனால் தூறலும் காற்றும் விடாது. அதே சமயம் கடை, அலுவலகம், வீடு எல்லாவற்றிலும் ஹீட்டர் ஓடும், சென்ட்ரல் லைன் சுரங்க ரயிலில் நெரிசல் நேரத்தில் ஏறினால் நம்ம ஊர் டவுன் பஸ் மாதிரி வேர்க்கும். அதனால் ஒரே தடி உடுப்புக்குள் புகுந்துகொள்கிறவன்தான் அவதிப்படுவான். உள்ளே மெல்லிய தெர்மல் பனியன் (யூனிக்லோ கடையின் ஹீட்டெக் பனியனைத்தான் இங்கே நிறையப் பேர் போடுகிறார்கள்), மேலே சட்டை, அதற்கு மேல் மெரினோ கம்பளி ஸ்வெட்டர், கடைசியாகக் கோட் என்று போட்டால் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொள்ளலாம். செப்டம்பரில் வருகிற மாணவர்கள் முதல் வாரமே கோட் வாங்க ஓட வேண்டாம். மழைக்கு ஒரு மெல்லிய ஜாக்கெட் போதும், நவம்பர் வரை தள்ளலாம். டிசம்பர் 26 தொடங்கிக் கடைகளில் விலை இறங்கும், முடிந்தால் அதுவரைகூடப் பொறுக்கலாம்.

கோட்டில் பார்க்க வேண்டியது தோள். பிராண்டைப் பார்க்காதீர்கள், தோளைப் பாருங்கள். கண்ணாடி முன் நின்று, கோட்டின் தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடிகிற இடத்திலேயே முடிகிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பாருங்கள். கை நீளமாக இருந்தால் குறைத்துவிடலாம், இடுப்பைப் பிடித்துவிடலாம், ஆனால் தோளைச் சரிசெய்யப் போனால் பெரிய செலவு, அப்படியும் சரியாக வராது. ஒரு கடையில் "பெரிசா போடுறதுதான் இப்ப ஸ்டைல்" என்று சொல்லி எனக்கு இரண்டு அளவு பெரிய கோட்டை விற்றுவிட்டார்கள். தள்ளுபடியில் வாங்கியது, திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: ஆன்லைனில் வாங்கினால், சாமான் கைக்கு வந்த 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லச் சட்டப்படி உரிமை உண்டு. நேரில் வாங்கியது பிடிக்கவில்லை என்றால் திரும்ப எடுப்பது கடைக்காரர் வைத்த விதி. பில்லைப் பத்திரமாக வையுங்கள், முன்கூட்டியே கேளுங்கள்.

இன்னொன்று, இதை யாராவது எனக்கு முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். புதுக் கோட்டின் பின்பக்கம், கீழே வெட்டு விட்டிருக்கும் இடத்தில் பெருக்கல் குறி மாதிரி ஒரு வெள்ளை நூல் தையல் இருக்கும். அது அலங்காரம் இல்லை. கடைக்கு வரும்வரை மடிப்புக் கலையாமல் இருக்கப் போட்ட தற்காலிகத் தையல். பிரித்துவிட வேண்டும். சில கோட்டில் மணிக்கட்டுக்கு மேலே வெளிப்பக்கம் தைத்திருக்கும் சின்னத் துணிப் பட்டையும் அப்படித்தான். ஈஸ்ட்ஹாம் பஸ் நிறுத்தத்தில் ஒரு தமிழ்த் தம்பி இரண்டும் அப்படியே இருக்க நின்றிருந்தார். மெதுவாகச் சொன்னேன், அங்கேயே சாவியால் நூலை அறுத்துவிட்டார், வெட்டு விரிந்து கோட் அழகாக விழுந்தது.

அளவு விஷயம்: ஜாக்கெட், கோட்டில் 38, 40 என்பது மார்புச் சுற்று, அங்குலத்தில். பக்கத்தில் ஷார்ட், ரெகுலர், லாங் என்று இருப்பது உயரக் கணக்கு. ஐந்தரை அடிக்காரர்கள் ஷார்ட் கேட்டு வாங்குங்கள், ரெகுலர் போட்டால் கை பெருவிரலை மூடும். ஷூவுக்கு நம்ம ஊரில் 8 என்றால் இங்கேயும் 8.

இப்போது பழைய துணி. நம் வீடுகளில் இதற்குப் பெரிய தயக்கம் உண்டு, செத்தவன் சட்டையாக இருக்குமோ என்று. எனக்கும் இருந்தது. ஆனால் இங்கே ஒவ்வொரு கடைத்தெருவிலும் ஆக்ஸ்ஃபாம், செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அறக்கட்டளைகள் நடத்தும் கடைகள் உண்டு, வசதியானவர்களும் அங்கே போய் வாங்குகிறார்கள். செல்சி, கென்சிங்டன் பக்கத்துக் கடைகளுக்குப் போங்கள், பணக்காரர்கள் நாலு முறை போட்டுவிட்டுக் கொடுத்தது கிடைக்கும். என் கோட் அப்படி வந்ததுதான், சுத்தக் கம்பளி, 45 பவுண்டு. வாங்குமுன் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பூச்சி அரித்த துளை இருக்கிறதா என்று பாருங்கள். லண்டன் வீடுகளில் கம்பளித் துணியை அரிக்கும் பூச்சித் தொல்லை நிறைய. டிரை கிளீனிங் கடை சன்னலோரம் தையல் மெஷினோடு ஒருவர் இருந்தால் அவரிடம் கை நீளத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். எனக்கு 25 பவுண்டு ஆனது.

ஒரு வாரநாளில், அளவெடுத்துச் சூட் தைக்கும் கடைகளின் தெருவான சாவில் ரோவுக்கு (Savile Row) நடந்து போய் வாருங்கள், வாங்க அல்ல, பார்க்க. ஹென்றி பூல் கடை 1806-இல் தொடங்கியது, 1846 முதல் அந்தத் தெருவோடு உறவு. அங்கெல்லாம் ஒரு சூட் 5,000 பவுண்டுக்கு மேல். ஆனால் நடைபாதைக் கம்பியருகே நின்று கீழே பார்த்தால் நிலவறைச் சன்னலில் தையற்காரர்கள் வேலை செய்வது தெரியும். சாக்பீஸ் கோடு, காதில் செருகிய பென்சில், மடியில் துணி. ஊரில் சட்டைக்கு அளவெடுத்த நம்ம டெய்லர் உட்காரும் அதே வாகு, எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் ஜெர்மின் தெரு, சட்டைக் கடைகளின் தெரு. அங்கே போ பிரம்மெல் (Beau Brummell) சிலை நிற்கிறது. சரிகையும் பட்டும் உடுத்திய காலத்தில், கச்சிதமாகத் தைத்த இருண்ட கோட்டும் வெளுத்த லினனும்தான் ஆண்பிள்ளை உடுப்பு என்று இந்த ஊரை மாற்றியவர். 200 வருடம் கழித்தும் லண்டன் ஆண்கள் அந்த வழியில்தான் போகிறார்கள் என்பது என் கருத்து. நேவி, கரி நிறம், பழுப்பு. பளபளப்பு இல்லை, அளவு மட்டும் அச்சாக இருக்கும்.

அலுவலகத்துக்கு டை எடுத்து வராதீர்கள், வங்கி அலுவலகங்கள் நிறைந்த, நான் வேலை செய்யும் கேனரி வார்ஃபிலேயே அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். சட்டை, சினோஸ் (பருத்தி பேண்ட்), ஸ்வெட்டர் போதும். மிச்சமாகும் பணத்தை ஷூவில் போடுங்கள். நார்தாம்ப்டன் பக்கம் செய்யும் குட்இயர் வெல்ட் ஷூ (அடியைத் தைத்துச் சேர்த்தது) விலை கூடத்தான், ஆனால் அடி தேய்ந்தால் புது அடி போட்டுக்கொள்ளலாம். மழை ஊர், அதனால் ரப்பர் அடியாகப் பாருங்கள்.

வேட்டி மறந்து வந்தாலும் ஈஸ்ட்ஹாம், டூட்டிங் பக்கம் கிடைக்கும். பொங்கலன்று ஹைகேட் முருகன் கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போவதானால், உள்ளே தெர்மல் கால்சட்டை போட்டு அதன் மேல் கட்டுங்கள், மேலே அதே கம்பளிக் கோட். ஆர்ச்வே ஸ்டேஷனிலிருந்து ஏற்றம், காற்று நேராக முகத்தில் அடிக்கும், மப்ளரையும் எடுத்துக்கொள்ளுங்கள்.