உப்புத் தண்ணீரில் ஆர்ட்டீமியா பொரிக்க வைக்கும் முறை

மாடியில் ஃபைட்டரும் கப்பியும் வளர்க்கிறேன். மீன் குஞ்சுகளுக்கு உலர் தீனி போட்டுப் பாருங்கள், பாதி தொட்டியின் அடியில் அழுகிக் கிடக்கும். துள்ளுகிற தீனி என்றால் துரத்தித் துரத்தித் தின்னும். அதற்கு, உப்பு நீரில் வாழும் ஆர்ட்டீமியா என்ற சிற்றுயிரின் குஞ்சை மிஞ்சியது எதுவும் இல்லை என்பது என் கட்சி.

கடையில் வாங்கும்போது அது வெறும் பழுப்புப் பொடி. ஒவ்வொரு துகளும் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் முட்டை. உள்ளே சுமார் 4,000 செல்கள் வரை வளர்ந்து அப்படியே நின்றுபோன கரு இருக்கிறது. இறாலுக்குத் தூரத்துச் சொந்தமான இந்தச் சிற்றுயிர், உப்பு ஏரிகளிலும் உப்பளங்களிலும் வாழ்வது. கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்றால், இது 200 கிராமைத் தாண்டியும் தாக்குப்பிடிக்கும். அந்த உப்பில் மீன் வராது, தின்ன ஆளில்லை. நல்ல டப்பாக்களில் பல, அமெரிக்காவின் யூட்டாவில் உள்ள கிரேட் சால்ட் ஏரியில் அள்ளியவை. தூத்துக்குடி உப்பளங்களிலும் ஆர்ட்டீமியா உண்டு.

நிலைமை நன்றாக இருந்தால் தாய் உயிருள்ள குஞ்சாகவே போடும். உப்பு ஏறி ஆக்சிஜன் குறைந்தால், ஓடு போர்த்திய முட்டையாக விட்டுவிடும். அது காயும்போது, செல்லுக்குள் தண்ணீர் இருந்த இடத்தை ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரை பிடித்துக்கொண்டு புரதங்கள் சிதையாமல் காக்கிறது. 1972ல் நிலாவுக்குப் போன அப்போலோ 16, 17 இரண்டு விண்கலங்களிலும் இந்த முட்டைகளை ஏற்றி, விண்வெளிக் கதிர்வீச்சு இவற்றை என்ன செய்கிறது என்று பார்த்தார்கள்.

நிலாவுக்குப் போய் வந்ததைக் கொல்ல, சென்னையின் ஐப்பசி மாதம் போதும். முழுக்கக் காய்ந்திருந்தால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும், முழுக்க நனைந்தால் பொரிக்கும். அரைகுறை ஈரம்தான் ஆபத்து. கரு லேசாக விழித்துக் கையிருப்பைச் செலவழிக்கும், மறுபடி காயும், மறுபடி விழிக்கும், கடைசியில் ஓய்ந்துவிடும். அதனால் டப்பாவை உடைத்த அன்றே சின்னச் சின்ன பாட்டில்களில் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, இறுக மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஈரக் கரண்டி உள்ளே போகவே கூடாது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வியர்த்துவிடும். கவரில் கட்டித் தொங்கவிட்டு விற்கும் சில்லறைப் பொடியை நான் தொடுவதில்லை.

சரி, வேலைக்கு வருவோம். 2 லிட்டர் சோடா பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டிவிட்டு, மூடி கீழே வரும்படி தலைகீழாக நிறுத்துங்கள். 1 லிட்டர் தண்ணீர், 25 கிராம் கல்லுப்பு, ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒருநாள் திறந்து வைத்துவிட்டு எடுங்கள். உப்பைக் கண்ணளவில் போடாமல் நிறுத்துப் போடுங்கள். பிறகு 1 கிராம் முட்டை. ஏர் பம்ப் குழாயைக் கழுத்துவரை இறக்கி, பெரிய குமிழ்கள் வரும்படி விடுங்கள். குழாய் நுனியில் மாட்டும் நுண்துளைக் கல்லான ஏர் ஸ்டோன் வேண்டாம். அது விடும் பொடிக் குமிழில் நுரை கட்டி, முட்டைகள் பாட்டில் சுவரில் ஏறி ஒட்டிக்கொள்ளும்.

நனைந்த முதல் சில மணி நேரம் வெளிச்சம் கட்டாயம் வேண்டும், கரு எழுவதற்கு அதுதான் தூண்டுகோல். ஒரு டியூப்லைட் போதும். வெப்பம் 28 டிகிரி சுற்றி இருந்தால் நல்லது. சென்னையில் ஹீட்டர் வாங்குவது தண்டம், ஆனால் சித்திரை வெயிலில் மாடியில் வைக்காமல் வீட்டுக்குள் வையுங்கள். நனைந்த முட்டைக்குப் பழைய வீரம் எல்லாம் போய்விடும், 40 டிகிரி தாண்டினால் செத்துவிடும்.

18 முதல் 24 மணி நேரத்தில் தண்ணீர் ஆரஞ்சு நிறமாகும். பம்பை நிறுத்தி, பாட்டிலின் மேல்பகுதியைத் துணியால் மூடி, கழுத்தருகே டார்ச் அடியுங்கள். குஞ்சுகள் வெளிச்சத்தைத் தேடி இறங்கும், காலி ஓடுகள் மேலே மிதக்கும், பொரிக்காதவை அடியில் தங்கும். பத்து நிமிடத்துக்கு மேல் விட்டால் மூச்சு முட்டும். மெல்லிய குழாயால் குஞ்சு திரண்ட இடத்திலிருந்து உறிஞ்சி, நெருக்கமான துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். ஓடு அதிகம் கலந்துவிட்டால் மீன் குஞ்சின் குடலை அடைக்கும், கொஞ்சம் பொறுமையாகப் பிரியுங்கள்.

எப்போது போடுவது என்பதும் முக்கியம். பொரித்த புதிதில் ஆர்ட்டீமியா குஞ்சால் எதையும் தின்ன முடியாது, உடலில் இருக்கும் மஞ்சள் கருவைக் கரைத்தே ஓட்டும். ஏறக்குறைய எட்டு மணி நேரத்தில் தோலுரித்துவிடும், அதற்குள் சத்து நிறையக் குறைந்திருக்கும். அதனால் காலையில் தீனி போட வேண்டுமானால் முந்தின நாள் காலையிலேயே முட்டையை நனைத்துவிடுங்கள். நன்னீரில் சில மணி நேரம்தான் உயிரோடு இருக்கும். அப்புறம் செத்துத் தொட்டியை நாறடிக்கும். ஆகவே மீன்கள் தின்று தீர்க்கும் அளவு மட்டும் போடுங்கள்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஒரு சோதனை: காய்ந்த முட்டை ஒரு சிட்டிகையை ஃப்ரீசரில் ஒருநாள் வைத்து, வெளியே எடுத்துச் சில நாள் கழித்துப் பொரிக்க விடுங்கள். பொரிக்கும். நனைத்த முட்டையையும் அப்படியே உறைய வைத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வடிகட்டியபின் மிஞ்சும் உப்புத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள், சாக்கடையில் விடுங்கள். பாட்டிலைச் சோப்பு இல்லாமல் வெந்நீரில் கழுவிக் கவிழ்த்து வைத்தால் அடுத்த முறைக்குத் தயார்.