நெடுந்தூர லாரி ஓட்டுநர்கள் பேச்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பகுதிகளிலிருந்து நாக்பூர், ஆக்ரா வரை லோடு ஏற்றிச் செல்லும் ஓட்டுநருக்குச் சாலைச் செய்திகள் பெரும்பாலும் சக ஓட்டுநர்களின் வாயிலிருந்துதான் கிடைக்கின்றன. எங்கே பாலம் வேலை நடக்கிறது, எந்த ஊருக்குள் பகலில் கனரக வண்டிகளை விடமாட்டார்கள், எந்தத் தாபாவில் வண்டியை நம்பி நிறுத்தித் தூங்கலாம் என்பனவெல்லாம் டீக்கடை வாசலில் கைமாறும் தகவல்கள். அத்தனை பயனுள்ள இந்தப் பேச்சு, நேரமும் ஆளும் பாராமல் நடக்கும்போது உயிருக்கே கேடாகிவிடுவதால், தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் சிலவற்றைத் தொடக்கத்திலேயே அறிந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடியது, தூக்கத்தைப் பேச்சால் விரட்டிவிடலாம் என்ற நம்பிக்கை. சேர்ந்து செல்லும் மூன்று நான்கு வண்டிக்காரர்கள் நள்ளிரவுக்குப் பிறகு அலைபேசியில் ஒரே அழைப்பில் இணைந்து, ஊர்க்கதை பேசியபடியே ஓட்டுவது இன்று வழக்கமாகிவிட்டது. தூங்காத உடம்பு பேச்சுக்குக் கட்டுப்படாது. வாய் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் சில விநாடிகள் சொருகிவிடும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் 3 விநாடி கண் மூடினால் வண்டி 50 மீட்டர் தானாக ஓடியிருக்கும். காதில் கருவி மாட்டியிருப்பதால் கை சும்மா இருக்கிறது என்பது உண்மைதான். கவனம் சும்மா இல்லை. கண் எரியத் தொடங்கியதும், "நான் ஓரங்கட்டறேன், நீங்க போங்க" என்று சொல்லி அழைப்பை முடிப்பதே அந்த நேரத்துக்குரிய ஒரே பேச்சு. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேர வேலை என்றும், 5 மணி நேரத்துக்குப் பிறகு குறைந்தது அரை மணி நேர ஓய்வு என்றும் வகுத்தது. ஆனால் தாபாக் கட்டிலில் உட்கார்ந்து, ஒரே மூச்சில் இத்தனை தூரம் ஓட்டிவந்தேன் என்று மூத்தவர் ஒருவர் பெருமை பேசினால், அதைக் கேட்கும் இளைஞனுக்கு அதுவே தொழிலின் அளவுகோலாகிவிடுகிறது. அனுபவசாலிகள் இந்தப் பெருமையை விட்டுவிட வேண்டும் என்று அழுத்தமாகவே சொல்லத் தோன்றுகிறது.

இதே போல வாய்வழியாகப் பரவும் இன்னொரு தவறான அறிவுரை, இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சமாகும் என்பது. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாயில் இந்தப் பழக்கம் எத்தனையோ விபத்துகளுக்குக் காரணமாகியிருக்கிறது. நியூட்ரலில் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. முழு எடையையும் பிரேக்கே தாங்குவதால் பிரேக் டிரம் சூடேறி, கணவாயிலுள்ள இரட்டைப் பாலத்தை நெருங்கும்போது மிதித்தாலும் பிடிக்காத நிலை வரலாம். மின்னணு முறையில் இயங்கும் இன்றைய எஞ்சின்களில், கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே டீசல் செல்வது நின்றுவிடும்; நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமலிருக்க டீசல் செலவாகிறது. ஆகவே மிச்சம் என்ற கணக்கே பிழையானது.

கிளீனரைப் பிறர் முன்னிலையில் ஏசுவதைப் பலர் தவறாகவே கருதுவதில்லை. திட்டு வாங்கி ஒடுங்கிப்போன பையன், "அண்ணா, பின்னாடி டயர்ல கருகுற வாசம் வருதுங்கண்ணா" என்று சொல்ல நினைத்தும் வாயைத் திறக்கமாட்டான். கிளீனர் வேலைக்கு ஆள் கிடைப்பதே அரிதாகிவிட்ட காலத்தில், அவன் தயங்காமல் பேசும்படி நடத்துவது வண்டியின் பாதுகாப்புக்கும் அவசியம்.

அயல் மாநிலத்தில் டிஎன் 28, டிஎன் 34, டிஎன் 52 என்று தொடங்கும் நம்மூர் எண்பலகையைக் கண்டால் மனம் குளிர்வது இயல்பு. நெருங்கிப் பேசுவதும் நல்லதுதான். என்றாலும் முன்பின் தெரியாதவர் தமிழில் பேசினார் என்பதற்காகவே என்ன சரக்கு, கையில் எவ்வளவு பணம், இரவில் எங்கே நிறுத்தப்போகிறோம் என்பவற்றைச் சொல்லிவிடக் கூடாது. அவர் வாங்கித் தரும் டீயையும் மரியாதையாக மறுத்துவிடலாம்.

வீட்டாரோடு மனத்தாங்கல் இருந்தால் வண்டியை நிறுத்திய பிறகே பேச வேண்டும்.

கடைசியாக, முதலாளியிடம் தாமதத்தை மறைப்பது. வண்டி பழுதாகி நிற்கும்போது "வந்துட்டே இருக்கேனுங்க" என்று சொல்லிச் சமாளித்தால், அந்த நேரத்துத் திட்டு மட்டுமே தப்பும். சரக்குக்கான இ-வே பில், அதாவது சரக்கோடு செல்ல வேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு, சாதாரண லோடுகளுக்கு 200 கி.மீ. தூரத்துக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் செல்லும். அது காலாவதியாவதற்கு முந்தைய 8 மணி நேரத்திலோ பிந்தைய 8 மணி நேரத்திலோ மட்டுமே நீட்டிக்க முடியும். அந்த அவகாசம் தவறிய பிறகு சோதனையில் சிக்கினால் வண்டியும் சரக்கும் தடுத்துவைக்கப்பட்டு, அபராதமும் விழலாம். நின்ற இடம், நின்ற நேரம், எப்போது சரியாகும் என்று மெக்கானிக் சொன்னது ஆகிய மூன்றையும் அப்போதே சொல்லிவிட்டால், அலுவலகத்தில் இருப்பவர் பில்லை உரிய நேரத்தில் நீட்டித்துவிட முடியும்.